மருந்து ஒத்துக்குமா?

"மருந்து ஒத்துக்குமான்னு ரெண்டு நிமிசக் கேள்வி சார் அது! அதையும் புடுங்கிட்டா நான் எதுக்கு இங்கன நிக்கேன்?"

"கத்தாதீங்க சிஸ்டர். கேக்கவே வேண்டாம்னு சொல்லல. வராந்தாவுல சுகிர்தா கேப்பாங்க. உள்ள வந்தா வேலை மட்டும்."

இருதயக் குழாய் அடைப்பைப் பார்க்கும் கேத் லேப் வாசலில் இந்தச் சண்டை. பாண்டிமீனா அங்கே பதினோரு வருட நர்ஸ். மணிகண்டராஜ் மூன்று மாத மேனேஜர். ஆஸ்பத்திரி முதலாளிக்கு அக்கா மகன், அதற்கு மேல் சென்னைப் படிப்பும் உண்டு. ஒருவரை இறக்கி, மேஜையைத் துடைத்து, அடுத்தவரை ஏற்ற முப்பத்தெட்டு நிமிடம் ஆனது. அதைப் பதினைந்தாக்கப் போவதாகச் சுவரில் பலகை மாட்டியிருந்தார். குறைந்தால் பச்சை மை, கூடினால் சிவப்பு. அப்பா பட்டாசுக் கம்பெனிக்காரர். தீபாவளி சீசனில் லோடு ஏற்றுகிற அவசரம் பிள்ளைக்கும் வந்திருந்தது.

பொய் சொல்லக் கூடாது, பாதி யோசனை நல்ல யோசனைதான். அடுத்தவருக்கான சாமான்களை முன்னாலேயே அடுக்கி வைத்தார், துடைக்க இரண்டு பேரைப் போட்டார். பலகை இருபதில் வந்து நின்றது. மிச்ச ஐந்துக்குத்தான் பாண்டிமீனாவின் வாய்மேல் கண் விழுந்தது.

"இந்த ஊர்ல மருந்துன்னா வேற சார். நான் பிரிச்சுப் பிரிச்சுக் கேப்பேன். உங்களுக்குத் தெரியாததா?"

"ஃபாரத்துல இருக்கறதைக் கேட்டாப் போதும்."

சுகிர்தா சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவள். வராந்தாவில் ஃபாரம் நிரப்பும் அந்த நாற்காலி அவளுக்குக் கிடைத்த விதம் பற்றிக் கேன்டீனில் ஒரு கதை ஓடியது. அது இப்போதைக்கு இருக்கட்டும்.

அடுத்த வியாழக்கிழமை நாரணாபுரம் முனியசாமி நெஞ்சுவலியோடு வந்தார். பட்டாசு ஆலையில் வெடிமருந்து கலக்குகிறவர். மனைவி சின்னத்தாய் காப்பீட்டு அட்டையை ஜெராக்ஸ் எடுக்கக் கீழே போயிருந்தாள்.

"ஐயா, உங்களுக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கா?"

முனியசாமி சிரித்தே விட்டார். "மருந்தா? முப்பது வருசமா மருந்துக்குள்ளதான் கெடக்கேன் தாயி. ஒரு தும்மல் கெடையாது."

சுகிர்தா குண்டு குண்டாக 'இல்லை' என்று எழுதினாள்.

மேஜையில் ஏற்றிய பிறகு பாண்டிமீனா அந்த 'இல்லை'யைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மணிகண்டராஜ் பச்சைப் பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். "பதிமூணு ஓடுது சிஸ்டர்" என்றது ஒலிபெருக்கி.

"நீ நம்ம ஊர்ப் பிள்ளதான? வலிக்குமா?" என்றார் முனியசாமி.

"பயப்படாதீக மாமா" என்றாள். ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டாள். அதற்கு நேரமே ஆகவில்லை.

டாக்டர் குழாய் வழியாகச் சாயமருந்தைச் செலுத்தினார். திரையில் ரத்தக்குழாய்கள் கறுப்பாகக் கிளைவிட்டன.

"தொண்டைக்குள்ள நமநமங்குது… போன வருசம் ஸ்கேன்லயும் இப்பிடித்தான்…"

அவர் அந்தப் பேச்சை முடிக்கவில்லை. கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்தது. வெளியே பலகையில் பச்சை மையில் பதினான்கு ஏறியிருந்தது.

ஜெராக்ஸோடு வந்த சின்னத்தாய் வாசலில் ஓடுகிறவர்களை ஒவ்வொருவராக மறித்தாள். "அந்தச் சாயஊசி போட்டா மூச்சு முட்டும்யா அவுகளுக்கு. யாருமே கேக்கலையா?"

மூன்றாம் நாள் முனியசாமி செத்துப்போனார்.

விசாரணையில் சுகிர்தா, அவர் சொன்னதைத்தான் எழுதினேன் என்றாள். பொய்யில்லை. இந்த ஊரில் மருந்துக்கு வேறு அர்த்தம் உண்டென்று தெரியுமா என்று மணிகண்டராஜைக் கேட்டார்கள். பட்டாசுக் கம்பெனி வீட்டுப் பிள்ளை தண்ணீர் வாங்கிக் குடித்தார், ஞாபகம் வரவில்லை என்றார். ஃபாரத்தின் அடியில் இருந்தது பாண்டிமீனாவின் கையெழுத்து. வேலை போனதும் அவளுக்குத்தான்.

வைகாசியில் மணிகண்டராஜுக்கும் சுகிர்தாவுக்கும் கல்யாணம். கேன்டீன் கதை பொய்யில்லை. இருவரும் கோயம்புத்தூரில், மூன்று கேத் லேப் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். சின்னத்தாய் ஆலங்குளத்தில் மகள் வீட்டோடு இருக்கிறாள். பாண்டிமீனா மதுரைக்குக் குடிபோனாள். பங்குனிப் பொங்கல் திருவிழாவுக்குக்கூட ஊர்ப்பக்கம் வருவதில்லை.

பலகை அங்கேயேதான் தொங்குகிறது, இப்போது பன்னிரண்டு. ஃபாரத்திலும் அதே கேள்விதான். பாண்டிமீனாவின் இடத்துக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி திருத்தங்கலில் வீடு பிடித்து வந்திருக்கிறாள். கெட்டிக்காரியாம். இந்த ஊர்ப் பேச்சுத்தான் இன்னும் பிடிபடவில்லையாம்.