ஐந்தாவது ஆள்

குழந்தையம்மாளின் மஞ்சள் காட்டுக்கு மருந்து அடித்தது எதிரி இல்லை. பக்கத்துக் காட்டுக் குமாரசாமிதான். செத்துப்போன அவள் கணவருக்குப் பங்காளி, தம்பி முறை; அண்ணியான அவளை நங்கை என்றுதான் கூப்பிடுவார். மகள் பிரசவத்துக்காகக் கோயமுத்தூர் போனவள், சில நாள் தங்கிவிட்டுச் சத்தியமங்கலம் பஸ்ஸில் ஊர் வந்து இறங்கியபோது அவரே எதிரில் வந்தார்.

"ஏனுங் நங்கை, கொழந்தை நல்லாருக்குதுங்களா? உங்க காட்டுல எலையெல்லாம் புள்ளி விழுந்து கருகிக் கெடந்துதுங்க. பாத்துட்டுச் சும்மா இருக்க முடியுங்களா? எங்குளுதுக்கு அடிக்கறப்பவே உங்குளுதுக்கும் சேத்து மருந்தடிச்சுப்போட்டனுங்க. காசெல்லாம் வேண்டாமுங்க."

கையில் காசில்லாமல்தான் அவள் மருந்து அடிக்காமல் இருக்கிறாள் என்று குமாரசாமி இத்தனை நாளும் இரக்கப்பட்டிருக்கிறார். அப்படி இல்லை என்று அவளும் ஒரு நாள் சொன்னதில்லை. சொன்னால், நீங்கள் விளைவிப்பது விஷம் என்று மூஞ்சிக்கு நேராகச் சொன்னது போல ஆகுமே என்று கூச்சம். இப்போதும் "சரிங்க" என்றுதான் வாயில் வந்தது. இந்தப் பாழாய்ப்போன மரியாதை எத்தனை குடும்பத்தைத் தின்றிருக்கிறதோ.

இழந்தது சின்ன விஷயமில்லை. ஊரில் ஐந்து பேர் சேர்ந்து இயற்கை விவசாயக் குழு வைத்திருந்தார்கள். ஐந்துக்கு ஒரு ஆள் குறைந்தாலும் குழுவுக்குச் சான்றிதழ் கிடையாது. மூன்று வருஷம் மருந்தும் ரசாயன உரமும் தொடாமல் விளைவித்துக் காட்ட வேண்டும். அதுவரை பாதி விளைச்சல், சந்தையில் சாதா விலை. குழந்தையம்மாள் நகையை விற்று அந்த வருஷங்களைக் கடத்தினாள். இந்த வெள்ளாமைக்குத்தான் முதல்முறையாக நல்ல விலை வர இருந்தது. விஷம் அடிக்கிறவனிடம் யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. அடிக்காதவள்தான் சாணி நாறும் கையோடு நின்று, நான் யோக்கியம் என்று நிரூபிக்க வேண்டும். யார் போட்ட சட்டமோ, நன்றாய் இருக்கட்டும்.

அன்று சாயங்காலமே குழுத் தலைவர் சென்னியப்பனிடம் போய் நடந்ததைச் சொன்னாள். மற்ற மூன்று பேரும் அங்கேதான் இருந்தார்கள்.

"அம்மணி, நீங்க எங்குளுகிட்டச் சொல்லவே இல்லீங்க, நாங்க கேக்கவே இல்லீங்க," என்றார் சென்னியப்பன். "நீங்க வெலகுனா நாங்க நாலு பேருங்க. சான்றிதழே போயிருமுங்க. ஒரு தடவ அடிச்சதுதானுங்க, மழைல கழுவிக்கிட்டுப் போயிரும்."

அவள் நம்பினாள். நம்ப ஆசைப்பட்டாள் என்பதுதான் நிஜம்.

மழை கழுவவில்லை. மஞ்சளை வெட்டி, வேகவைத்து, காயவைத்து, பீளமேட்டில் இருக்கும் ஏற்றுமதிக் கம்பெனிக்கு அனுப்பியபோது சோதனையில் மாட்டிக்கொண்டது. யார் மூட்டை என்பதும் தெரிந்துவிட்டது. ஒருத்தி மட்டும் மறைத்திருந்தால் அவள் சரக்கு மட்டும் திரும்பும். குழுவே தெரிந்து மறைத்திருந்தால் ஐந்து பேர் சரக்கும் திரும்பும், சான்றிதழும் ரத்து. விசாரிக்க மறுநாள் கம்பெனி அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது.

சென்னியப்பன் அவள் வீடு தேடி வந்தார்.

"யாருகிட்டயும் சொல்லலீன்னு ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க அம்மணி. அஞ்சாவது ஆளு இல்லாம நாங்க என்னத்தப் பண்றதுங்க? நீங்க மறுக்கா மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும், அவ்வளவுதானுங்க. மூணு வருசமும் நாங்க கூட இருக்கறமுங்க."

அவருடைய பாசத்தை அவள் நம்பவில்லை. அவருக்கு ஐந்து பேர் வேண்டும், அதை நம்பினாள். தேவை இருக்கிறவன் கைவிட மாட்டான் என்று கணக்குப் போட்டாள்.

அதிகாரி நந்திதாவுக்குக் குழந்தையம்மாளின் மகள் நித்யஸ்ரீ வயதுதான் இருக்கும். சென்னியப்பனின் களத்துக் கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டாள்.

"மருந்து அடிச்சது உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"தெரியுமுங்க."

"குழுவுல யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

நாலு ஆம்பிளைகளும் தரையைப் பார்த்தார்கள்.

"இல்லீங்க."

"ஏன் மறைச்சீங்க?"

இந்தக் கேள்விக்கு யாரும் அவளுக்குப் பதில் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அவளாகவே, "பணத்தாசைங்க," என்றாள்.

"உங்கள மாதிரி ஒருத்தராலதாம்மா உண்மையா பாடுபடுறவங்களுக்கும் கெட்ட பேரு," என்று சொல்லிவிட்டு நந்திதா எழுந்துகொண்டாள். திருடியைப் பார்க்கிற பார்வை அது. குழந்தையம்மாள் அதையும் வாங்கிக்கொண்டாள்.

கார் கிளம்பிப் போன பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏனுங்ணா, வர்ற பட்டத்துக்கு மொதல்ல தழையுரத்துக்குத் தக்கைப்பூண்டு வெதச்சு மடக்கி உழுதரலாமுங்களா?" என்று கேட்டாள்.

"உங்க சௌரியமுங்க அம்மணி," என்றார் சென்னியப்பன். "குழுவுல அஞ்சாவது ஆளு ஆயிருச்சுங்க. எம்பையன் தீபக் பேர்ல எங்காட்டுலயே ரெண்டு ஏக்கரா பிரிச்சு எழுதி, மஞ்ச வெட்டறதுக்கு முன்னாலயே சேத்துப்போட்டனுங்க."

"நேத்து வந்து வாக்குக் குடுத்தீங்களேங்ணா."

சென்னியப்பன் கோபப்படவில்லை. எப்போதும் போலத் தணிந்த குரலில்தான் பேசினார். "குழுன்னா ஒருத்தரையொருத்தர் நம்போணுமுங்க. மருந்தடிச்சத எங்குளுகிட்ட மறைச்சவங்களக் கூட வெச்சுக்கிட்டு நாங்க எப்படிங்க நிம்மதியா வெள்ளாமை பண்றது?"

அதிகாரி திரும்பி வந்துவிட்டாளோ, அவள் காதில் விழத்தான் இப்படிப் பேசுகிறாரோ என்று குழந்தையம்மாள் வாசலைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. மற்ற மூன்று பேரும் "ஆமாமுங்க" என்று வருத்தத்தோடு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.