நீங்க வைங்க, மோரிதா-சான்

ஆர்.எஸ்.புரத்துப் பட்டுச்சேலைக் கடையொன்றின் மாடியில் ஹுமேரா நடத்திவந்த ஜப்பானிய மொழி வகுப்பில், ஆசிரியையைக் காட்டிலும் எட்டு வயது மூத்த மாணவியாக வந்து சேர்ந்தாள் அன்புக்கரசி. தனியார் மருத்துவமனையொன்றில் செவிலி. ஜப்பான் நாட்டுக் கடலோரச் சிற்றூரில் இருக்கும் முதியோர் இல்லமொன்று செவிலியரை வேலைக்கு அழைத்திருந்தது. காணொளி நேர்காணலில் அவள் ஒருமுறை கலந்துகொண்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் திகைத்து நின்று, தேறாமல் போனாள். இரண்டாம் வாய்ப்பு ஒன்று மிச்சமிருந்தது. அதிலும் தவறினால் அவ்வில்லத்தின் வயது வரம்பை அவள் கடந்துவிடுவாள். அப்புறம் அந்தக் கதவு திறவாது.

எதற்காக ஜப்பான் என்று கேட்டவர்களுக்கு அவளால் விடை சொல்ல முடிந்ததில்லை. மருத்துவர் எது சொன்னாலும் ‘சரிங்க சார்’ என்று கூறியே காலம் கழித்தவளுக்கு, தன்னை இன்னாரென்று அறியாத ஓரூரில் போய் நின்று, தன் வாயால் தன் வாழ்வை முதல் எழுத்திலிருந்து சொல்லிப் பார்க்கவேண்டுமென்று ஆசை. அதை எந்த விண்ணப்பத்தில் எழுதுவது?

முதல் நாள் வகுப்பில் ஹுமேரா அவளை ஒரு சின்ன வாக்கியம் சொல்லச் சொன்னாள்: நான் சோறு தின்கிறேன். அன்புக்கரசி கண்ணை மூடிக்கொண்டாள். முன்பு படித்த பயிற்சி நிலையத்தில் எல்லாம் ஆங்கில வழி. ஆகவே தமிழை ஆங்கிலமாகத் தலைகீழாக்கி, அந்தத் தலைகீழை ஜப்பானியமாக நிமிர்த்த முயன்று, நெற்றியில் வியர்வை அரும்ப, நான் என்றாள், தின்கிறேன் என்றாள், சோறு எங்கே போயிற்றென்று தேடிக்கொண்டே நின்றாள்.

ஹுமேரா பேனாவைப் பலகையின் விளிம்பில் வைத்தாள்.

“ஏனுங்க்கா, உக்கடத்துலிருந்து காந்திபுரம் போறதுக்கு எதுக்குங்க பொள்ளாச்சி சுத்திப் போறீங்க?”

பிறகு பலகையில் தமிழ் வாக்கியத்தை எழுதி, ஒவ்வொரு சொல்லின் கீழும் ஜப்பானியச் சொல்லை நிறுத்தினாள். நான் என்பதற்குக் கீழே ‘வதாஷி வ’. சோற்றுக்குக் கீழே ‘கோஹான்’. அதையடுத்து நம் ‘ஐ’ உருபு மறைந்து நிற்கும் இடத்தில் ‘ஓ’ என்று ஒரேயொரு எழுத்து. தின்கிறேன் என்பதற்குக் கீழே ‘தாபேமாசு’. ஒன்றும் இடம் பெயரவில்லை. எழுவாய் முன்னே நடக்க, உருபு தன் பெயரின் முந்தானையைப் பற்றிக்கொண்டு பின்னே வர, வினையோ எல்லாவற்றுக்கும் கடைசியில், கோபுரமும் கொடிமரமும் மண்டபங்களும் கடந்தபின் கருவறையில் விளக்கொளியில் தெரியும் திருவுருவைப்போல் வீற்றிருந்தது.

அன்புக்கரசி பலகையை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்தாள். அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பிற்று. அடக்கினாள். அடங்கவில்லை.

“அப்ப இத்தன நாளா நான் பேசிட்டிருந்ததே ஜப்பான் பாசைதானுங்களா, டீச்சரம்மா?”

“ஆமாங்க்கா. வார்த்தை மட்டுந்தான் பாக்கி.”

அன்று மாலை போத்தனூருக்குப் பேருந்தில் திரும்பியவள் தரையிலா இருந்தாள்? ‘இருந்து’ என்பதற்குக் ‘காரா’ என்று கற்றிருந்தபடியால் ஆர்.எஸ்.புரம் காரா, உக்கடம் காரா, போத்தனூர் காரா என்று வழிநெடுக ஊர்களுக்கெல்லாம் வால் கட்டிக்கொண்டு வந்தாள். நடத்துநர் ஏதோ பிரார்த்தனை என்று எண்ணி, சில்லறையை ஓசைப்படாமல் அவள் கையில் வைத்துவிட்டுப் போனார். ‘நான்’ என்று சொல்லாமலே ‘தின்றேன்’ என்றால் நமக்குப் புரிகிறதல்லவா, அங்கும் அப்படியே என்றறிந்த நாளில் இரவுச் சோற்றை இரட்டிப்பாக உண்டாள். வாக்கியத்தின் முடிவில் ‘கா’ என்றொரு சொல்லை ஒட்டினால் அது கேள்வியாகிவிடும், நம் ‘ஆ’ என்னும் வினாவெழுத்தைப் போலவே என்றறிந்த நாளில், மருத்துவமனையில் யாரும் தப்பவில்லை.

அவர்களுள் முதன்மையானவர் அந்தியூர்த் திருமலைசாமி. சந்தைக்கு ஓட்டிச் சென்ற தம் குதிரையிடமே உதை வாங்கிக் காலெலும்பு முறிந்து, அன்புக்கரசியின் பொறுப்பில் இருந்த வார்டில் படுத்திருந்தார். நடக்கமாட்டேன் என்று பிடிவாதம். அவள் தினமும் அவர் தோளைத் தாங்கி எழுப்பி, தாழ்வாரத்தில் கூடவே நடந்து, நடக்கும்போது அவரிடம் பாடத்தை ஒப்பித்தாள். குதிரையிடம் பேசிப் பழகிய மனிதருக்கு எந்த மொழியும் அயலில்லை. காலையில் அவள் ‘தாபேமாஷ்தா கா’ என்று கேட்டால், உண்டீர்களா என்று பொருள் கொண்டு, “தாபேமாஷ்தாங்க, அம்மணி” என்று மறுமொழி தருமளவுக்கு அவர் தேறிவிட்டார்.

இதைக் கேட்ட ஹுமேரா, அந்தப் பெரியவருக்கே முதலில் சான்றிதழ் கொடுத்துவிடலாம், ‘ங்க’வை மட்டும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரச்சொல்லுங்கள் என்றாள். அன்புக்கரசிக்கும் அதுதான் சிக்கல். எந்த ஜப்பானியச் சொல் வாயிலிருந்து இறங்கினாலும் அதன் பின்னே ‘ங்க’ ஒன்று கும்பிட்டுக்கொண்டே இறங்கியது.

நேர்காணல் நாளன்று வகுப்பறையிலேயே மடிக்கணினி வைக்கப்பட்டது. ஹுமேரா அதற்குப் பின்புறம், கேமராவின் பார்வை படாத இடத்தில் அமர்ந்தாள். வாய் திறக்கமாட்டேன் என்பது அவள் கொடுத்த வாக்கு. அன்புக்கரசிக்கு அவள் விதித்த கட்டளைகளில் கடைசியானது இது: முடிந்ததும் வணங்கி, நன்றி சொல்லி, உடனே இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். அங்கே காத்திருப்போர் பலர். இழுத்தடித்தால் ஒழுங்கில்லாதவள் என்று எண்ணுவார்கள்.

திரையில் தோன்றியவர் இல்லத்தின் தலைவி மோரிதா. நரைத்த தலை, சாம்பல் நிறச் சட்டை, அசையாத முகம். அன்புக்கரசி பெயர் சொன்னாள், ஊர் சொன்னாள், தொழில் சொன்னாள். எல்லாம் மனப்பாடமாய் ஒழுகி வந்தது. பிறகு அவர் கேட்டார், எதற்காக ஜப்பான் என்று.

அதற்கென நெட்டுருப் போட்டிருந்த அழகிய பத்தி ஒன்று இருந்தது. நேற்றுவரை இருந்தது. இப்போது அவ்விடம் துடைத்த பலகையாய்க் கிடந்தது. ஜப்பான், பிடிக்கும் என்று இரண்டு சொல் சொல்லி நின்றுவிட்டாள். மோரிதா தலையசைத்தார், நன்றி என்றார், முடிவைப் பின்னர் தெரிவிப்போம் என்றார். சென்ற முறை கேட்ட அதே சொற்கள், அதே குரல்.

முடிந்தது. ஹுமேரா இரு விரலைக் கத்தரிபோல் ஆட்டினாள்.

அன்புக்கரசி வணங்கினாள். கை துண்டிக்கும் பொத்தானுக்குப் போகவில்லை. கொங்கு நாட்டில் பிறந்த எவளும் பெரியவர் ஒருவர் இருக்க, தான் முந்திப் போனை வைத்ததில்லை. பேச்சு முடிந்தபின் ‘நீங்க வைங்க’, ‘இல்லீங்க, நீங்க வைங்க’ என்பது பேசிய பேச்சினும் நீளும். விருந்தினரை வாசலோடு அனுப்பாமல் பேருந்து நிறுத்தம்வரை போய், பேருந்து வளைவில் மறையும்வரை நின்று, அதன்பின்னரே வீடு திரும்புகிற குடியில் பிறந்தவள், ஒரு மூதாட்டியின் முகத்தை விரல் நுனியால் அணைப்பதா?

ஆகவே அவர் துண்டிக்கட்டும் என்று காத்திருந்தாள். மோரிதாவும் வணங்கினார். அவரும் துண்டிக்கவில்லை.

இவள் மறுபடி வணங்கினாள். அவரும் வணங்கினார். தன்னினும் தாழ வணங்கிவிட்டாரே என்று பதறி இவள் இன்னும் தாழ, அவர் அதனினும் தாழ, சிறிது நேரத்தில் திரையின் இருபுறமும் தலைமுடி மட்டுமே தெரிந்தது. மேசை விளிம்பில் அன்புக்கரசியின் நெற்றி ‘டொக்’ என்று மோதியது. நிமிர்ந்து பார்த்தாள். மோரிதா உள்ளங்கையால் வாயை மூடியிருந்தார், தோள்கள் குலுங்கின.

“மோரிதா-சான், தோசோ” என்றாள் அன்புக்கரசி. ‘சான்’ அவர்களுடைய ‘ங்க’; ‘தோசோ’ என்றால் நீங்களே முதலில்.

“இல்லை, அன்பு-சான், தோசோ” என்றார் அவர் தம் மொழியில்.

இதற்கு மேல் நெட்டுருப் போட்ட பாடம் ஏதுமில்லை. அன்புக்கரசி தன் தமிழ் வாக்கியத்தைத் தலைகீழாக்காமல், இருந்த இடத்திலேயே வைத்து, ஒவ்வொரு சொல்லாய்த் தொட்டு மாற்றினாள். எங்கள் ஊரில்: வதாஷி நோ மாச்சி தெ. முதலில்: சாகி நி. போனை: தென்வா ஓ. கருவறையை எட்டியாயிற்று. துண்டிக்க மாட்டோம்: கிரிமாசென்.

பிறகு பழக்க தோஷத்தால் ஒரு ‘ங்க’.

ஹுமேரா துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டாள்.

மோரிதாவின் அசையாத முகம் அசைந்தது. எங்கள் ஊரிலும் அப்படித்தான் என்றார். விருந்தினர் போகும் கார் திருப்பத்தில் மறையும்வரை நாங்களும் குனிந்தபடியே நிற்போம் என்றார். அவர் மெல்லப் பேசினார். வினை கடைசியில் வந்து சேரும்வரை அன்புக்கரசி பொறுமையாய் உடன் நடந்தாள், எல்லாம் புரிந்தது. புரிந்த மயக்கத்தில் மதிய உணவு உண்டீர்களா என்று கேட்டுவிட்டாள். உண்டேன், நீங்கள் என்ன உண்டீர்கள் என்றார் அவர். இட்லி என்றாள். இட்லி என்றால்? அரிசியால் செய்வது, வெள்ளை, உருண்டை என்று வாக்கியங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் இறங்கின. நிறுத்த யாருமில்லை. திருமலைசாமி என்னும் பெரியவரைக் குதிரை உதைத்த வரலாற்றைச் சொல்லத் தொடங்கினாள். அவர்கள் மொழியில் குதிரைக்கு அம்பிகையின் திருநாமமே பெயராய் வாய்த்திருந்தது: உமா கா, அஷி ஓ, கெரிமாஷ்தா. குதிரையானது, காலை, உதைத்தது. உதையைக் கையால் நடித்தும் காட்டினாள். மோரிதா வாய்விட்டுச் சிரித்தார்.

சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்புறம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

“மைனிச்சி, இஷ்ஷோ நி, அருகிமாஷ்தா” என்றாள் அன்புக்கரசி. நாள்தோறும், கூடவே, நடந்தேன்.

மோரிதா குனிந்து எதையோ எழுதிக்கொண்டார். அந்நேரம் பார்த்து மின்விசிறி நின்றது. கடையில் யாரோ ‘கரண்டு போச்சு’ என்றார்கள். வைஃபை கண் மூடியது. திரையில் மோரிதாவின் முகம் உறைந்து, மறைந்தது.

“ஐயோ டீச்சரம்மா, நான் முன்னாடி வெச்சுப்போட்டேனே” என்றாள் அன்புக்கரசி. வேலை போனதைப் பற்றி அவளுக்கு அப்போது நினைவேயில்லை. பெரிய மனுஷியின் முகத்தில் கதவைச் சாத்தியதுபோல் ஆகிவிட்டதே என்று உள்ளங்கையைப் பிசைந்தாள். மின்வாரியம் வைத்ததற்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று ஹுமேரா தேற்றினாள்; தேறவில்லை.

விண்ணப்பத்தில் கொடுத்திருந்த கைபேசி எண்ணுக்கு அழைப்பு வந்தது. மோரிதாதான். எடுத்த எடுப்பில் மன்னிப்புக் கேட்டார்; தம் கை தவறி எங்கோ பட்டு இணைப்பை முந்தித் துண்டித்துவிட்டதாய் நம்பிக்கொண்டு, மிகவும் வருந்தினார். இல்லையில்லை, பிழை எங்களுடையது என்று இவள் மன்றாடினாள். பிழையைத் தமதாக்கிக்கொள்வதில் இருவரும் சற்று நேரம் போட்டியிட்டனர்.

அதன்பின் மோரிதா, கற்றுக்குட்டிக்குப் புரியவேண்டுமென்று ஒவ்வொரு சொல்லாய் நிறுத்திப் பேசினார். நாங்கள், என்றார். ஏப்ரலில், என்றார். இங்கே. அன்பு-சான் ஓ.

அன்பு-சானை. சரி, அன்பு-சானை என்ன? வேண்டாம் என்பதும் வேண்டும் என்பதும் இந்த மொழியில் கடைசிச் சொல்லில்தானே இருக்கிறது. இதுவரை வந்த சொற்கள் எந்தப் பக்கமும் சாயாமல் வரிசையில் நின்றன. மண்டபமெல்லாம் கடந்து, திரை விலகக் காத்து நிற்கும் அடியவளைப்போல் அன்புக்கரசி கைபேசியைக் காதோடு அழுத்தி நின்றாள். ஹுமேரா நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டாள்.

“மாத்தெ இமாசு” என்றார் மோரிதா.

எதிர்பார்த்திருக்கிறோம்.

அன்புக்கரசி நன்றி சொன்னாள், ஜப்பானியத்தில் ஒருமுறை, தமிழில் பலமுறை, எல்லாவற்றுக்கும் ‘ங்க’ சேர்த்து. ஹுமேரா அவளைக் கட்டிக்கொண்டு, சத்தமில்லாமல் குதித்தாள். பேச்சு முடிந்தது. இனி வைக்கவேண்டியதுதான்.

“தோசோ” என்றாள் அன்புக்கரசி.

“தோசோ” என்றது கைபேசி.

ஹுமேரா கைப்பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, எதிர்ப்புறக் கடையில் தேநீர் குடித்து, ஒரு பஜ்ஜியும் தின்று, இன்னொன்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டு மாடியேறி வந்தாள். மின்விசிறி மறுபடி சுழன்றுகொண்டிருந்தது. அன்புக்கரசி சன்னலருகே நின்று, கைபேசியைக் காதில் வைத்தபடி, கண்ணுக்குத் தெரியாத ஒருவரை இன்னும் வணங்கிக்கொண்டிருந்தாள்.