கரடி நாற்காலியின் தோல்

கண்காட்சி அரங்கில் எங்கள் கரடி நாற்காலிக்கு முன்னால் ஓர் அட்டை நின்றது. ‘வடிவமைப்பும் ஆக்கமும்’ என்று போட்டு, கீழே அண்ணன் பெயர் மட்டும். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

மரச் சட்டம் அவன் அறுத்ததுதான். இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் சட்டத்தை மட்டும் பார்த்தால் கால் ஒடிந்த கட்டில் மாதிரி இருக்கும். மிருகக்காட்சி சாலையில் மூன்று ஞாயிறு கால் கடுக்க நின்று, கரடி உட்காரும்போது வயிறு எப்படி மடிகிறது என்று பார்த்தவள் நான். துணியில் கரடித் தோல் தைத்து, பஞ்சை அடைத்து, பிரித்து, மறுபடி அடைத்து, நாலு மாதம் ஊசியால் விரலைக் குத்திக்கொண்டவளும் நான்தான்.

“என் பேரு எங்கண்ணே?”

“உறை தச்சவங்க பேரையெல்லாம் யாரு போடுவா? சும்மா இரு, ஆளுங்க வர்ற நேரம்.”

“உறையா? இது என்ன தலகாணியா?”

“ஏய், மெதுவா பேசு. மானம் போகுது.”

“போகட்டும். பத்து நிமிஷம் தர்றேன். அட்டைய மாத்து.”

அவன் சிரித்தான். சின்ன வயதில் என் பொம்மையைப் பிடுங்கிக்கொண்டு சிரிப்பானே, அதே சிரிப்பு. நோகாமல் நுங்கு தின்கிறவனுக்குச் சிரிப்புக்கு என்ன குறை!

பத்து நிமிடம் பொறுத்தேன். பிறகு பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தேன். கரடியின் கழுத்திலிருந்து வால்வரை ஒரே நூலில் தைத்திருந்தேன். முடிச்சு வாலுக்கு அடியில் இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். வெட்டி இழுத்தேன். சரசரவென்று முதுகு பிரிந்தது. தைத்த கையாலேயே பிரிக்கிறோமே என்று இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

“அடிப்பாவி!” அண்ணன் பாய்ந்து வந்தான். வாசலில் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். “சரிம்மா, சரி. எழுதிடறேன். தச்சுக் குடுத்துடு தாயே.”

பேனாவை எடுத்து அட்டையின் அடியில் பொடி எழுத்தில் எழுதினான். குனிந்து படித்தேன்.

‘உதவி: தங்கச்சி.’

பெற்றவர்கள் வைத்த பெயரை எழுதக்கூட அவனுக்கு மனசு வரவில்லை.

தோலை முழுதாக உருவி, சுருட்டி, தோளில் போட்டுக்கொண்டேன். பஞ்சு தரையெல்லாம் சிதறியது. முதலில் பார்க்க வந்த ஓர் அம்மா அட்டையைப் படித்துவிட்டு, சட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“கரடி நாற்காலின்னு போட்டிருக்கே, கரடி எங்கங்க?”

“உதவி எடுத்துட்டுப் போகுதும்மா” என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தேன்.