மொட்டைமாடிக் கப்பல்

காங்கேயத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே நிதீஷுக்குத் தெரிந்துபோயிற்று, அப்பா சும்மா இருக்கவில்லை என்று. ஆட்டோக்காரர், "கப்பல் ஊடுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினார்.

முன்னால் வீதி, பின்னால் தோட்டம், நடுவில் புது வீடு. அதன் மொட்டைமாடியில் சிமெண்டில் ஒரு கப்பல்! வீதியைப் பார்த்துக் கூர்மூக்கு, வட்ட ஜன்னல், புகைக்கூண்டு, எதையும் விட்டுவைக்கவில்லை மனிதர். கப்பல் இன்ஜின் அறையில் மாதக்கணக்காக வெந்து, காதில் இரைச்சல் தீராமல் வந்தவனுக்கு அதைப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது. இனிமேல் கப்பலுக்குப் போக மாட்டேன் என்று சொல்லத்தான் அவன் வந்திருந்தான். இவ்வளவு பெரிய கப்பலைக் கட்டி வைத்திருப்பவரிடம் அதை எந்த வாயால் சொல்வது?

அப்பா திருமலைசாமி பையைக்கூட இறக்க விடவில்லை. அவனை வீதியில் நிறுத்தி, உள்ளே ஓடி சுவிட்சைப் போட்டுவிட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். அந்திக் கருக்கலில், வீதியிலிருந்து பார்க்க இடப்பக்கம் சிவப்பு விளக்கும் வலப்பக்கம் பச்சையும் எரிந்தன.

"போன்ல நீ சொன்னாப்லயே போட்டுட்டேன் கண்ணு. தப்பிருந்தா சொல்லு."

நன்றாயிருக்கிறது என்று தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். அசதியில் வாய் முந்திக்கொண்டது.

"லைட்டு மாறிப் போச்சுங்கப்பா. போர்ட்டுன்னா இடது, அங்க சிவப்பு; ஸ்டார்போர்டுன்னா வலது, அங்க பச்சைதானுங்க. ஆனா அது கப்பலுக்குள்ள மூக்கைப் பாத்து நிக்கறவனுக்கு. வீதியில நிக்கற நமக்குப் பச்சைதான் இடப்பக்கம் தெரியோணும்."

அப்பாவின் முகம் வாடிப்போயிற்று. "அட கெரகமே! அப்ப இதைப் பாத்தா என்னன்னு நெனப்பாங்க?"

"கப்பல் வீதிக்கு முதுகைக் காட்டிட்டு, தோட்டத்துக்கே திரும்பிப் போகுதுன்னு நெனப்பாங்க." அதற்குமேல் அவனால் அடக்க முடியவில்லை. "நானும் வந்துட்டனுங்கப்பா. இனிப் போகலீங்க. என்னால முடியலீங்க."

அப்பா அண்ணாந்து கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூக்கு கூராக வரவில்லையென்று கொத்தனாரோடு சண்டை போட்டு மூன்று தடவை பூசவைத்தவர் அவர். நிதீஷ் வசவுக்குக் காத்து நின்றான்.

அவர் குனிந்து அவன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"லைட்டு அப்படியே இருக்கட்டும் சாமி. கொத்தனாரை வரச்சொல்லி மூக்கை இடிச்சுப்போட்டு, தோட்டத்துப் பக்கமாத் திருப்பிக் கட்டிக்கலாம். நீ வா, சாப்புடு."