ரப்பர் உடைக்குள்

காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் அம்மோனியா குழாய் வெடித்ததாகப் போன் வந்தபோது டாக்டர் எழில்மொழி டிபனைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள். மயக்க மருந்து டாக்டர் அவள். தொண்டைக்குள் டியூப் இறக்குவது அன்றாட வேலை. விஷவாயு அண்டாத ரப்பர் உடை மாட்டிக்கொண்டு அதைச் செய்து பார்த்தவளும் அந்த ஆஸ்பத்திரியில் அவள் ஒருத்திதான். அதுவும் எண்ணூரில் நடந்த விபத்து ஒத்திகையில் ஒரே ஒரு தடவை, ஒரு பொம்மைக்கு.

கம்பெனி வாசலில் கயிறு கட்டி ஜனங்களை நிறுத்தியிருந்தார்கள். தெருவெல்லாம் கண்ணைக் கரிக்கும் நெடி. உள்ளே இரண்டு பேர் கிடப்பதாகத் தீயணைப்பு அதிகாரி சொன்னார். உடம்பெல்லாம் அம்மோனியா. நன்றாகக் கழுவாமல் ஆம்புலன்ஸில் ஏற்ற முடியாது, அதுவரை மூச்சு தாங்குமா என்பது தெரியாது. மெஷின் ஆபரேட்டர் வரதன்தான் வால்வை மூடிவிட்டு, ஐஸ் எடுக்க வந்து மாட்டிக்கொண்ட படகுக்காரர் தண்டபாணியைத் தோளில் போட்டு முற்றம்வரை தூக்கி வந்தாராம்.

மஞ்சள் உடை, முகத்துக்குக் கண்ணாடி, முதுகில் காற்று சிலிண்டர், கையில் இரண்டு அடுக்கு உறை. மாட்டி முடித்ததும் வெளிச் சத்தம் அத்தனையும் நின்றுபோயிற்று. அவளுடைய மூச்சு மட்டும் காதுக்குள் இரைந்தது.

முற்றத்தில் வரதன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இவளைப் பார்த்து ஏதோ சொன்னார். உதடு அசைந்தது, சத்தம் எட்டவில்லை. பிறகு கையை நீட்டித் தண்டபாணியைக் காட்டினார். உட்கார்ந்து பேசுகிற மனிதர், காத்திருக்கலாம் என்று நினைத்து அவள் தண்டபாணியிடம் மண்டியிட்டாள்.

அவருக்கு நினைவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. விளக்கு பொருத்திய இரும்பை வாய்க்குள் விட்டாள். உள்ளே வெந்து வீங்கிய சதை, நுரை. மூச்சுக்குழாய் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. கண்ணாடியில் ஆவி படிந்தது, துடைக்க வழியில்லை. கையில் டியூப் இருக்கிறதா நழுவிவிட்டதா என்றுகூட விரலுக்குத் தெரியவில்லை. முதல் தடவை டியூப் உணவுக்குழாய்க்குள் போய்விட்டது; அதில் மாட்டிய காற்றுப் பையை அமுக்கியதும் வயிறுதான் உப்பியது. வெளியே இழுத்தாள்.

எதிரில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்த தீயணைப்பு வீரர் பொன்ராஜைக் கூப்பிட்டாள். கத்தியும் கேட்கவில்லை. அவர் கையைப் பிடித்து இழுத்து, தண்டபாணியின் நெஞ்சில் வைத்து அழுத்திக் காட்டினாள். புரிந்துகொண்டு அவர் அழுத்தினார். நுரைக்கு நடுவே ஒரு குமிழி எழுந்து உடைந்தது. காற்று வரும் இடம் அதுதான். அந்தக் குமிழியைக் குறிவைத்து டியூபைத் தள்ளினாள். பையை அமுக்கியதும் நெஞ்சு ஏறி இறங்கியது.

பையைப் பொன்ராஜிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

வரதனின் தலை மார்பில் விழுந்திருந்தது.

இப்போதுதானே கை காட்டினார். ஓடிப் போய்ப் படுக்க வைத்து வாயைத் திறந்தாள். தொண்டை முழுதும் அடைத்திருந்தது. நெஞ்சை அழுத்தினாள், குமிழி வரவில்லை. கழுத்தைக் கீறித்தான் வழி செய்ய வேண்டும். எங்கே கீறுவது என்று தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும், உறைக்குள் விரல்கள் மரத்த மாதிரி இருந்தன. உத்தேசமாகக் கீறினாள். டியூப் உள்ளே போயிற்று. காற்றும் போயிற்று. இதயத் துடிப்பு திரும்பவில்லை.

அவள் மேல் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி உடையைக் கழற்றினார்கள். உலகத்துச் சத்தமெல்லாம் ஒரே நேரத்தில் காதில் வந்து விழுந்தது. தண்டபாணியின் மனைவி கோவிந்தம்மா கயிற்றைத் தாண்டி வந்து, தன் புருஷன் உசுரோட கீறாரா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இருக்கிறார் என்று எழில்மொழி சொன்னாள்.

எம்.கே.பி. நகரிலிருந்து வரதனின் மனைவி ரமாபாய் வந்தபோது மதியம் ஆகியிருந்தது. அழவில்லை.

"உங்ககிட்ட எதுனா பேசினாராம்மா?"

"பேசினார். அந்த உடைக்குள்ள எனக்கு ஒண்ணும் காதுல விழலைங்க."



தண்டபாணி பிழைத்தார். டியூபை எடுத்த பிறகும் பல நாள் பேச்சு வரவில்லை. வந்தபோது, ரவுண்ட்ஸுக்குப் போன எழில்மொழியிடம் வரதனைப் பற்றித்தான் முதலில் சொன்னார்.

"என்னைத் தூக்கினு வர்றப்பவே அவருக்குக் கொரலு இல்ல டாக்டரம்மா. வெறும் காத்துதான் வந்துச்சு. ஆனா பேசிக்கினே வந்தாரு."

தொண்டை வீங்க ஆரம்பித்ததற்கு முதல் அடையாளமே குரல் போவதுதான். எத்தனையோ மாணவர்களுக்கு அதை அவள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அன்று முற்றத்தில் சத்தம் எட்டாததற்கு உடைதான் காரணம் என்று நினைத்திருந்தாள்.

தண்டபாணியின் நெஞ்சில் ஸ்டெத்தை வைத்துப் பார்த்தாள். நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னாள். வெளியே வந்தாள். வராந்தா பெஞ்சில் நோயாளிகளின் ஜனங்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்து யாரோ ஒரு பெண் நகர்ந்து இடம் விட்டாள். எழில்மொழி உட்கார்ந்தாள்.