பதனிட்ட நஞ்சு

மொராக்கோவின் ஃபெஸ் நகரத்தில் தோல் பதனிடும் குழிகளில் ஓர் ஆளின் உயிர் முப்பது திர்ஹம். பேரம் பேசி இருபதுக்கு முடித்தவர்களும் உண்டு. குழியில் இறங்க டெட்டனஸ் என்னும் இசிவு நோய்க்கான தடுப்பூசி அட்டை வேண்டும் என்று சங்கம் விதி போட்டிருந்தது. ஊசி இலவசம். ஆனால் ஊசியே இல்லாமல் மூன்று முத்திரைகளையும் குத்தித் தர மேற்பார்வையாளர் ஹம்மாதி இருந்தார். இலவசச் சரக்கு வேண்டாமென்று காசு கொடுக்கும் வாடிக்கையாளர்கள் வேறெந்தச் சந்தையிலும் கிடைக்கமாட்டார்கள்.

தோல் சுரண்டும் முஃபத்தலும் அப்படி வாங்கியவர்தான். இருபது வயதில் அதே இசிவு நோய் வந்து தாடை இறுகி, முதுகு வில்லாக வளைந்து, ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவர் அவர். "சாவையே பார்த்த ரத்தம்டா இது. முப்பது வருசமா புறாப் பீயில நிக்கிறேன். இதுக்கு எவன் பாடம் எடுக்கணும்?" என்பார். குழிக்காரர்கள் எல்லோருக்கும் அதே எண்ணம்: அழுக்கில் ஊறினவனை அழுக்கு என்ன செய்யும்?

ஒரு செவ்வாய்க்கிழமை கத்தி வழுக்கி அவர் முழங்காலுக்குக் கீழே இறங்கியது. இறங்கிய வேகத்தில், தோலை மென்மையாக்க ஊறவைக்கும் புறா எச்சக் குழிக்குள்ளேயே விழுந்தார். ஹம்மாதியே அவரைத் தாங்கிப் பிடித்து, குழிகளுக்கு மேலிருந்த மருத்துவ அறைக்குக் கொண்டுவந்தார். அக்கறையெல்லாம் அட்டையின் மேல்தான்.

புதிதாக வந்த நர்ஸ் புஷ்ரா காயத்தைக் கழுவிவிட்டு அட்டையைப் பார்த்தாள். "மூணும் போட்டிருக்கீங்க, கடைசி ஊசி போன வருசம். அப்ப வேற மருந்து வேணாம். கட்டுப் போட்டு அனுப்புறேன்."

ஹம்மாதி நிம்மதி மூச்சு விட்டார். முஃபத்தல் மட்டும் இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"அட்டை கிடக்கட்டும், தாயி. ஒருதடவ வந்து பிழைச்சவன் நான். அதுவே போதும்ல?"

"போதாது அண்ணே. அந்தக் கிருமியோட நஞ்சு ஆளைக் கொல்ல ஒரு துளிகூட வேணாம். அவ்வளவு கொஞ்சத்தை வச்சு ரத்தம் ஒண்ணும் கத்துக்காது, எதிர்ப்பொருள் செய்யாது. கத்துக்கிற அளவுக்கு ஏறினா, ஆளே இருக்கமாட்டான்."

"அப்ப ஊசியில என்ன இருக்கு?"

"அதே நஞ்சுதான். பதனிட்டது. பச்சைத் தோலைப் பதனிட்டா அழுகல் போயி உருவம் நிக்குதில்ல? அதுமாதிரி மருந்துல ஊறவச்சு நஞ்சைச் சாகடிச்சிடுறாங்க, முகம் மட்டும் மிச்சம். அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து ரத்தம் ஆயுதம் செஞ்சு வச்சுக்கும்."

தொழில் தெரிந்தவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"இந்த அட்டை பொய், தாயி. ஒரு ஊசிகூடப் போடல."

"வலியில உளறுறான்," என்று பாய்ந்தார் ஹம்மாதி. "யோவ், நாளைக்கு உனக்குக் குழி கிடையாது!"

"குழி உன்னோடது, வச்சுக்க. கால் என்னோடது. நீ வித்த முத்திரையை நம்பி எனக்கு வேண்டிய மருந்தையே இல்லேன்னு சொல்லிட்டாங்கய்யா!" முஃபத்தல் நொண்டிப்போய் ஜன்னலைத் திறந்து கீழே கத்தினார்: "டேய்! பொய் முத்திரை காகிதத்தைத்தான் காக்கும், ரத்தத்தைக் காக்காது! அட்டைய விலைக்கு வாங்கினவன் எல்லாம் மேல வாங்க!"

"எவன் வருவான்? வந்தவன் அத்தனை பேரையும் நிறுத்திடுவேன்."

"நிறுத்து. நாளைக்குத் தோலை நீயே சுரண்டு."

பதினோரு பேர் கால் கழுவாமலேயே படியேறி வந்தார்கள்.

புஷ்ரா முஃபத்தலுக்கு முதலில் ஆயத்தமான எதிர்ப்பொருளைப் போட்டாள், சில வாரக் காவலுக்கு. பிறகு எல்லோருக்கும் பதனிட்ட நஞ்சு. பொய் அட்டைகளை மேசை இழுப்பறையில் பூட்டிவிட்டுப் புதுப் பக்கத்தில் எழுதினாள்: ஆட்கள் பன்னிரண்டு. போட்ட தடுப்பூசி பன்னிரண்டு. ஆளுக்கு இரண்டு வீதம் பாக்கி இருபத்து நான்கு.