மூன்று சக்கர வண்டியும் எழுவாய் இல்லாத ஒரு கேள்வியும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை எழுத எனக்கு ஆசை இல்லை. பயம் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நாளை திங்கட்கிழமை. காலை எட்டு மணிக்கு என் பதினோரு மாத மகளை ஒரு மூன்று சக்கர வண்டியில் உட்கார வைத்து, நான் தனியாக, எங்கள் தெருச் சரிவில் இறக்கிக் குழந்தைகள் காப்பகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த வண்டியின் கைப்பிடியை மூன்று வாரமாக நான் தொடவில்லை. இப்போது ஞாயிறு மதியம். மனைவி துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். மகள் (வீட்டில் அவள் பெயர் குட்டி) அடுத்த அறையில் தூங்குகிறாள்.

[குட்டி நலமாக இருக்கிறாள். இதை முதல் பக்கத்திலேயே போடும்படி மனைவியின் உத்தரவு. போட்டால் கதையில் பதற்றம் போய்விடும் என்றேன். "போகட்டும். பதறினது போதும்" என்றாள்.]

எனக்கு வேலை ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பது. பள்ளிப் பாடநூல்கள் அச்சுக்குப் போகுமுன் என் மேசைக்கு வரும். வாக்கியத்தில் எழுவாய் இல்லையென்றால் ஓரத்தில் சிவப்பு மையில் "யார்?" என்று எழுதுவேன். செயப்படுபொருள் இல்லையென்றால் "எதை?" என்று எழுதுவேன். பதினாறு வருடமாக இதே பிழைப்பு. "ஊசி போற இடத்தைப் பார்ப்பீங்க, உலக்கை போற இடத்தைக் கோட்டை விடுவீங்க" என்று மனைவி விளையாட்டாகச் சொல்வாள். மூன்று வாரமாக அவள் அதைச் சொல்வதில்லை.

2

தொடக்கங்கள்.

"குழந்தைக்கு வண்டி வாங்குவது என்பது, நாம் இல்லாத நேரத்திலும் நம் கை அதன்மேல்—" இந்த வரி எங்கே போகிறது என்று எனக்கே தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

"வண்டி உருண்டபோது நான் ஒரு காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்." நல்ல வரிதான். ஆனால் எழுதி முடித்ததும் எழுந்துபோய்க் குட்டி மூச்சு விடுகிறாளா என்று பார்த்துவிட்டு வந்தேன். எழுதியவனையே எழுப்பி ஓட வைக்கிற வரியை முதல் வரியாக வைக்க முடியாது.

"ஒரு தள்ளுவண்டி வாங்கக் கடைக்குப் போனோம்." இதில் வேறு சிக்கல். தள்ளுவண்டி என்றால் நீங்கள் தக்காளியை நினைப்பீர்கள். மூன்று சக்கரம் என்று சேர்த்தால் நடைவண்டியை நினைப்பீர்கள். அது குழந்தை தள்ளுவது, இது குழந்தையை வைத்துத் தள்ளுவது. கடையில் ஸ்ட்ரோலர் என்றார்கள். நாங்கள் வண்டி என்றே சொன்னோம். இங்கேயும் வண்டிதான்.

3

சரி, கடை.

கடையை நடத்துபவர் ஐம்பது வயதுப் பெண்மணி. நாங்கள் அவரை அக்கா என்றோம். அவர் என்னைத் தம்பி என்றும், மனைவியை வெறும் "மா" என்றும் கூப்பிட்டார். நான்கு சக்கரத்தில் ஆறு வண்டி, மூன்று சக்கரத்தில் இரண்டு வண்டி நிறுத்தியிருந்தார்.

"உங்க தெரு எப்படி? மேடு பள்ளமா?"

"சரிவு. நடுவுல கொஞ்சம் கல்லு பேர்ந்திருக்கும்" என்றாள் மனைவி.

"அப்ப மூணு சக்கரம் பாருங்க. பெரிய டயரு, காத்தடிச்சது. குலுங்காது. ஒத்தக் கையில திருப்பலாம். ஆனா வேகமாத் திருப்பாதீங்க, முன்னாடி ஒரு காலு தானே, சாயப் பாக்கும்."

முன்சக்கரத்துக்கு மேல் ஒரு குமிழ் இருந்தது. ஒரு பக்கம் திருப்பினால் சக்கரம் பூட்டிக்கொண்டு நேராக மட்டும் போகும். மறுபக்கம் திருப்பினால் சக்கரம் தன் இஷ்டத்துக்கு எந்தப் பக்கமும் திரும்பும். நான் உடனே பூட்டினேன். மனைவி திறந்துவிட்டாள்.

"நேரா போறதுதானே நல்லது?" என்றேன்.

"வாழ்க்கையில எது நேரா போகுது, வண்டி போக?" என்றாள். அக்கா சிரித்தார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

பின்சக்கரங்களுக்கு நடுவில் ஒரு கம்பி. காலால் அழுத்தினால் "டக்" என்று பிரேக் விழும். பட்டைகள் ஐந்து: தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, காலுக்கு நடுவே ஒன்று. குட்டியை உட்கார வைத்துப் பூட்டினோம். அவள் பட்டையை வாயில் வைத்துச் சப்பினாள்.

"வெளியே ஒரு ரவுண்டு தள்ளிப் பாருங்க" என்றார் அக்கா.

கடை வாசலில் படி கிடையாது. ஓடு பதித்த சாய்தளம் நடைபாதைக்கு இறங்கும். நடைபாதை முடிந்தால் சாலை.

4

[இந்தப் பகுதியை ஐந்து முறை எழுதினேன். முதல் பிரதியில் அக்காவை அலட்சியக்காரியாக எழுதியிருந்தேன். பிரேக்கைச் சரிபார்க்காமல் வெளியே அனுப்பினார், செல்போனில் பேசிக்கொண்டிருந்தார் என்றெல்லாம். அவர் பேசவில்லை. அவரிடம் செல்போனையே நான் பார்க்கவில்லை. பழி போட ஓர் ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.]

சாய்தளத்தின் உச்சியில் நின்றோம். கைப்பிடி என் கையில். மனைவி வண்டிக்குப் பின்னால் குனிந்து, அடியில் இருக்கும் கூடையை இழுத்துப் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் கால் பிரேக் கம்பியின் பக்கத்தில் இருந்தது. "டக்" என்று கேட்டது.

குட்டியின் காலுறை ஒன்று கழன்று ஓட்டின்மேல் விழுந்தது.

நான் கேட்டேன்: "பிடிச்சிருக்கா?"

அவள் சொன்னாள்: "பிடிச்சிருக்கு."

நான் கைப்பிடியை விட்டுவிட்டுக் காலுறையை எடுக்கக் குனிந்தேன்.

வண்டி உருண்டது. சத்தமே இல்லை, நல்ல வண்டி. பதினோரு அடி தூரம். பிறகு ஒருநாள் தனியாகப் போய் அளந்து பார்த்தேன். நான்கு நொடி இருக்கும். என் கால் நகரவில்லை. சாலையில் அந்த நேரத்தில் என்ன வந்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியும். அதை எழுத மாட்டேன்.

பாதி தூரத்தில் முன்சக்கரம் இரண்டு ஓடுகளுக்கு நடுவே ஒரு விளிம்பில் தட்டியது. தட்டித் திரும்பியது. வண்டி இடப்பக்கம் வளைந்துபோய்ச் சுவரோரம் அடுக்கியிருந்த காலி அட்டைப்பெட்டிகளில் முட்டி நின்றது. குட்டி கைதட்டினாள். இன்னொரு முறை என்கிற மாதிரி எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

அக்கா ஓடிவந்து பிரேக்கை மிதித்தார். பிறகு எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. முன்சக்கரத்தைப் பூட்டாம விட்டது நல்லதாப் போச்சு."

பூட்ட வேண்டும் என்று சொன்னது யார் என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த வண்டியைத்தான் வாங்கினோம். நான் வேண்டாம் என்றேன். மனைவி குட்டியை இறுக்கி அணைத்துக்கொண்டு நின்றாள். "வேற வண்டி வாங்கினா அது திரும்புமான்னு தெரியாது. இது திரும்பும்னு தெரியும்" என்றாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எங்கள் வண்டி மஞ்சள் நிறம். மூன்று வாரமாக அது கூடத்து மூலையில் பளிச்சென்று நிற்கிறது. நான் சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போகிறேன்.

5

இதுவரை எழுதியதை இன்று மாலை மனைவி படித்தாள்.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். பெயர் ஒட்டாத குழாயைக் கையால் தொட மாட்டாள். யாருடைய ரத்தம் என்று தெரியாவிட்டால் அது ரத்தமே இல்லை, சிவப்புத் தண்ணீர் என்பாள். அப்படிப்பட்டவள் பிரேக் போடாமல் போட்டதாகச் சொன்னாளே என்பதுதான் மூன்று வாரமாக என் நெஞ்சில் கிடந்த கல். நான் அதை அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வரும் என்பதால் இல்லை. அவள் "ஆமாம்" என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்.

அவள் நான்காம் பகுதியில் நின்றுவிட்டாள்.

"இது என்ன? 'பிடிச்சிருக்கா'ன்னு கேட்டது பிரேக்கையா?"

"வேற எதை?"

"வண்டியைன்னு நினைச்சேன். வண்டி எனக்குப் பிடிச்சிருக்கான்னு."

நான் அவள் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தேன்.

"கூடையெல்லாம் பார்த்துட்டு நிமிர்ந்தேன். கேட்டீங்க. பிடிச்சிருக்குன்னேன். உண்மையிலேயே பிடிச்சிருந்தது."

"அந்த 'டக்'?"

"கூடையைத் திருப்பி மாட்டினேன். கொக்கிச் சத்தம்."

அவள் காகிதத்தைக் கீழே வைத்தாள். "மூணு வாரமா நான் என்ன நினைச்சுட்டு இருந்தேன் தெரியுமா? இந்த மனுஷன் பிள்ளையைச் சரிவுல வெச்சுட்டு ஒரு சாக்ஸுக்காகக் கையை விட்டுட்டாரேன்னு. எப்படி விட மனசு வந்துச்சுன்னு. கேக்கவும் பயமா இருந்துச்சு."

யார்? எதை? பதினாறு வருடம் அடுத்தவன் வாக்கியத்தில் தேடித் தேடிக் கேட்டவன், என் பிள்ளை உட்கார்ந்திருந்த வாக்கியத்தில் இரண்டையும் விட்டிருக்கிறேன்.

ஒரு நல்ல கதை இங்கே முடிந்திருக்கும். இருவரும் அழுதோம், அது உண்மை. யார்மேலும் தப்பில்லை என்று அவள் சொன்னாள், அதுவும் உண்மை. எனக்கு அதில் ஆறுதல் கிடைக்கவில்லை. தப்பு யாருடையதாவது இருந்தால் அந்த ஆளைக் கவனமாக இருக்கச் சொல்லலாம். அவள் பொய் சொல்லவில்லை, நான் கேட்காமல் விடவில்லை, இரண்டு பேரும் சரியாகத்தான் பேசினோம். அப்படிப் பேசியும் வண்டி உருண்டது. அப்படியானால் நாளைக்கும் உருளலாம்.

6

அவள் வீட்டுக் கூடத்தில் வைத்தே ஒரு விதி போட்டாள். ரத்தம் எடுத்த குழாய் கைமாறும்போது அவள் வேலையிடத்தில் செய்வது. கொடுப்பவர், "வண்டி உங்க கையில" என்று சொல்ல வேண்டும். வாங்குபவர், "வண்டி என் கையில" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் யாரும் விடக் கூடாது. கூடத்திலேயே வண்டியில் ஒரு தலையணையை உட்கார வைத்துப் பத்து முறை ஒத்திகை பார்த்தோம். தலையணைக்கு ஒன்றும் ஆகவில்லை.

"நாளைக்கு நான் ஆறரைக்கே போயிடுவேன். நீங்க தனியாத்தான் போகணும்."

"ஒரு நாள் லீவு போடேன்."

"ஒரு நாள் போடலாம். அப்புறம்?"

அப்புறம் என்ன ஆகும் என்பதைத் தாளில்தான் பார்க்க முடியும் என்று தோன்றியது. அதனால் முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று. முன்சக்கரம் பூட்டியிருந்தது. வண்டி நேராகச் சாய்தளத்தைக் கடந்து, நடைபாதையைக் கடந்து,

காற்புள்ளியோடு நிறுத்திவிட்டேன். இங்கே முற்றுப்புள்ளி வைக்க என் கை வராது. எட்டிப் பார்த்த மனைவி, "எழுதினா நடந்துடும்னு பயமா?" என்றாள். "எழுதாட்டியும் நடக்கும்னு பயம்" என்றேன்.

முடிவு இரண்டு. நாளைக் காலை. வண்டி காப்பகம் போய்ச் சேர்கிறது. ஆயாம்மா கையை நீட்டுகிறார். நான் "வண்டி உங்க கையில" என்கிறேன். அவருக்கு எங்கள் விதி தெரியாது. "சரி சரி, போயிட்டு வாங்க தம்பி" என்கிறார். அது பதில் ஆகாது. நான் விடாமல் நிற்கிறேன். அவர் இழுக்கிறார், நான் விடவில்லை. வேலைக்கு நேரமாகிறது. பின்னால் மற்ற தாய்மார்கள் வரிசையில் நிற்கிறார்கள். குட்டி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறாள். [இதை வேடிக்கையாக எழுத நினைத்தேன். வரவில்லை.]

முடிவு மூன்று. குட்டிக்கு ஏழு வயது. அவளே ஓடுகிறாள், வண்டி யாருக்கோ கொடுத்தாகிவிட்டது. இதை ஒரு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. அவ்வளவு தூரம் ஆசைப்படவும் பயமாக இருக்கிறது.

7

எனவே முடிவு என்னிடம் இல்லை. ஒரு கேட் மட்டும் இருக்கிறது.

எங்கள் கட்டடத்தின் இரும்புக் கேட் தொங்கிப்போயிருக்கிறது. ஒரு கையால் கேட்டைத் தூக்கிப் பிடித்தால்தான் மறுகையால் தாழ்ப்பாளை இழுக்க முடியும். இரண்டு கையும் வேண்டும். கேட்டுக்கு இந்தப் பக்கமே சரிவு தொடங்கிவிடுகிறது. பிரேக் போடுவேன், "டக்" என்று கேட்கும். ஆனால் "டக்" என்றால் என்ன என்று எனக்கு இப்போது தெரியாது. இதையெல்லாம் மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் நாளைக்கு வேலைக்குப் போக மாட்டாள்.

அந்த நேரத்தில் என்னோடு வேறு யாரும் இருக்கப்போவதில்லை. இவ்வளவு தூரம் கூட வந்தவர் நீங்கள்தான். ஒரு நிமிடம் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் முறையாகக் கேட்பேன்: "நீங்கள் வண்டியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறீர்களா?" யார் என்பது இருக்கிறது, எதை என்பதும் இருக்கிறது. நீங்கள் "வண்டி என் கையில்" என்று முழுசாகச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் விடுவேன்.

மணி எட்டு. குட்டிக்கு ஐந்து பட்டையும் போட்டாகிவிட்டது. முன்சக்கரம் திறந்திருக்கிறது. இடக்கையால் கேட்டைத் தூக்கிவிட்டேன், கனக்கிறது. வலக்கை இன்னும் கைப்பிடியில்தான். கீழே சாலையில் ஏதோ வருகிற சத்தம். குட்டி காலை உதைக்கிறாள். ஒரு காலுறை கழன்று விழுகிறது. நான் உங்கள் பக்கம் திரும்புகிறேன். சொல்ல வேண்டியதெல்லாம் மனப்பாடமாக இருக்கிறது. வாயில் வருவது வேறு.

"பிடிச்சிருக்கா?"